பித்தளை முதுகு

சினிமாவில் காமெடி என்பது கதையோடு ஒட்டாத விஷயம், அதை வெட்டி எறிந்தால் படம் நன்றாக இருக்கும் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் அப்படிப் பேசினார். படித்தவர். நான் பாயசம் வருவதற்கு முன்பே இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். எவ்வளவு கோபம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவரிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அறுபதுகளில் நாங்கள் தாராவியில் இருந்தோம். அப்பாவும், அம்மாவின் தம்பியான மாமாவும் ஒரே தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தார்கள். எங்களுக்கு ஒரு அறை, சுவருக்கு அந்தப் பக்கத்து அறை மாமாவுக்கு. எங்கள் சந்து முழுக்கத் திருநெல்வேலிக்காரர்கள். நாற்றத்தைப் பற்றி எழுதச் சொல்லாதீர்கள். அதற்குள் பிறந்தவளுக்கு அது நாற்றம் இல்லை.

மாமாவுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். அத்தைக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனது. அன்றிலிருந்து அத்தை வெளியே வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். தண்ணீர் பிடிக்கக்கூட வருவதில்லை. அவள் குடத்தையும் சேர்த்து அம்மாதான் பிடிப்பாள். அம்மா கஞ்சியை வாயருகே கொண்டுபோனால் இரண்டு வாய் குடிப்பாள், பிறகு தலையைத் திருப்பிக்கொள்வாள். சந்துப் பெண்கள் வந்து உட்கார்ந்து, அழு, அழுதால் சரியாகும் என்றார்கள். ஒரு கிழவர் வேப்பிலை அடித்தார். அத்தை அழவும் இல்லை, எழவும் இல்லை. இப்படி எட்டு மாதம்.

மாமா வாய் செத்த மனிதர். நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும் என்று அப்பா கேலி செய்வார். அவருக்கு இருந்த ஒரே பழக்கம் ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டம். மாட்டுங்கா பக்கத்தில் ஒரு தியேட்டரில் வாரம் முழுக்க இந்திப் படம் ஓடும். ஞாயிறு காலையில் மட்டும் தமிழ்ப் படம் போடுவார்கள். மதியம் இந்திப் படத்துக்குக் கூட்டம் வாசலில் வந்து நின்றுவிடும். அதற்குள் எங்கள் படத்தை முடித்தாக வேண்டும். நீளமான படம் என்றால் ஆபரேட்டர் ஒன்றிரண்டு ரீலை ஓட்டாமலே விட்டுவிடுவான். பாட்டை எடுத்தால் நாற்காலி உடையும் என்று அவனுக்குத் தெரியும். அதனால் காமெடி ரீல்தான் போகும். இது எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

அந்த எட்டு மாதத்துக்கு நடுவே ஒரு ஞாயிறு, படம் பார்த்துவிட்டு வந்த மாமா வாசலில் நின்றபடி அம்மாவிடம் அந்தக் காமெடியைச் சொன்னார். ஏதோ ஒரு கஞ்சன் குடைக்குள் குடை பிடித்துக்கொண்டு போகிற கதை. பாதியில் அத்தை படுத்திருந்த அறையிலிருந்து மூக்கால் காற்று விட்டது போல ஒரு சத்தம். அம்மா கையை நீட்டி, நிறுத்தாதே என்று மாமாவுக்குச் சைகை செய்தாள். அன்று அத்தை அரைக் கிண்ணம் கூடுதலாகக் குடித்தாள்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் வாசலில் கூட்டம் கூடியது. வாய் செத்த மாமா வேறு ஆளாகிவிடுவார். வேட்டியை முக்காடாகப் போட்டுக்கொண்டு மாமியாராவார், துடைப்பத்தைத் தோளில் வைத்து ஏட்டையா ஆவார். படத்துக்குப் போக முடியாத பெண்கள் எல்லாம் அங்கேதான் படம் பார்த்தார்கள். மாமா வீட்டுக் கதவில் ஒரு பழைய புடவையைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். மாமா ஜனங்களைப் பார்த்துப் பேசினாலும் குரலைத் திரைக்குத்தான் அனுப்புவார். அந்தப் பக்கம் மூக்குச் சத்தம் வரும்வரை விடமாட்டார்.

நான் நாலாம் வகுப்பில் முதலாவதாக வந்தேன். என்ன வேண்டும் என்று அப்பா கேட்டார். மாமா போன ஞாயிறு சொன்ன படத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். அதிலே ஒரு திருடன் வருவான். கல்யாண வீட்டில் புகுந்து ஒரு பித்தளைக் குடத்தைத் திருடி முதுகில் வைத்துச் சால்வையால் மூடிக்கொண்டு கிளம்புவான். வாசலில் நிற்கிற பெண் வீட்டுக்காரர், இவன் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்துக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிடுவார். சுவரில் சாயும்போதெல்லாம் முதுகு ‘டொங்’ என்று சத்தம் போடும். வாதம் என்பான். வைத்தியர் வருவார், முதுகைத் தட்டிக் காதை வைத்துக் கேட்பார், இது பித்தளை எலும்பு, புளி போட்டுத் தேய்த்தால்தான் சரியாகும் என்பார். அந்த இடத்தில் அத்தை வாய்விட்டே சிரித்திருந்தாள். எட்டு மாதத்தில் முதல்தடவை. சந்தே கேட்டது.

அப்பாவோடு போனேன். படம் ஓடியது. திருடன் வந்தான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சுவரேறிக் குதித்தான், நாய் குரைத்தது, திரும்பிச் சுவரேறி ஓடினான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கதாநாயகி அழுதாள், பாட்டு வந்தது, மறுபடியும் அழுதாள். குடம் வரும் குடம் வரும் என்று நான் ‘சுபம்’ போடும்வரை காத்திருந்தேன். வரவில்லை. எனக்கு நெஞ்சு எரிந்தது. ஒரு வருடம் கணக்குப் பாடம் போட்டு வாங்கிய பரிசு. மாமா என்னை ஏமாற்றிவிட்டார்.

நாங்கள் சந்துக்குள் நுழைந்தபோது மாமா வாசலில் நின்று அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓடிய படமே இரண்டாவது வாரமும் ஓடியதால் அன்று அவர் போகவில்லை. பெண்கள் மறுபடியும் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். வைத்தியர் காதை வைத்துக் கேட்கிற இடம். நான் கூட்டத்தின் நடுவே போய் நின்றேன்.

“மாமா பொய் சொல்லுதாவ. நான் இப்பம் பாத்துட்டுதான் வாரேன். திருடன் வந்தான், நாய் குரைச்சது, ஓடிட்டான். குடமும் இல்ல, வைத்தியரும் இல்ல.”

யாரோ ஒருவன் சிரித்தான். தண்ணீர் வண்டி தள்ளுகிற பையன்கள், “காலி பீலி, சும்மாவே கதை விட்டியா, அண்ணாச்சி?” என்றார்கள். மாமா குனிந்திருந்தவர் அப்படியே நின்றார். வைத்தியரின் கை இன்னும் காதருகில் இருந்தது. அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாதவர் மாதிரி நின்றார். அவர் யாரையும் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்தார்.

எனக்கு அது போதவில்லை. அப்பாவைக் கேளுங்கள் என்றேன். எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே, “நான் தூங்கிட்டேம்ப்பா” என்றார். தூங்கவே இல்லை. காலை மிதித்தான் என்று பக்கத்து நாற்காலிக்காரனோடு இடைவேளை வரை சண்டை போட்டார். அதையும் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

அப்போது திரை விலகியது.

அத்தை வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெயில் பட்டு எட்டு மாதமான முகம். கண்ணைச் சுருக்கினாள். அத்தை மாமாவைப் பார்க்காமல் பையன்களைப் பார்த்துப் பேசினாள். குரல் கரகரவென்று வந்தது.

“காலை ஆட்டத்துல ரீலை எடுத்துருவான்னு தெரியாதால உங்களுக்கு? நான் ஊர்ல முழுசா பாத்திருக்கேன். குடம் உண்டு, வைத்தியரு உண்டு.” கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினாள். பிறகு மாமாவிடம், “நீங்கதான் ஒண்ண விட்டுட்டிய. குடத்துல பேரு வெட்டியிருக்குமே, அதச் சொல்லலியே” என்றாள்.

மாமா அவளையே பார்த்தார். நான் மாமாவின் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் கவனித்ததே இல்லை. அவருக்கு அந்தப் பெயர் விஷயம் ஒன்றும் தெரியாது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பிறகு வேட்டியை எடுத்து முக்காடு போட்டுக்கொண்டார்.

கல்யாணப் பெண்ணின் தாயார் புளியோடு வந்தாள். சால்வைக்குள் கையை விட்டுத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க விரலில் எழுத்து தட்டுப்பட்டது. ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் படித்தாள். திருடன் முதுகில் அவளுடைய பெயர் இருந்தது. உடனே புருஷனைக் கூப்பிட்டு, இந்த மனுசன் போன ஜென்மத்தில் எனக்கு யாராக இருந்தாரோ என்று அழ ஆரம்பித்தாள்.

சிரிப்பில் சந்து இரண்டாகப் போயிற்று. தண்ணீர் வண்டிப் பையன்கள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அத்தை நிலையில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது, அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தது. அம்மா போய் அவளைப் பிடித்துக்கொண்டாள். அத்தையும் ஊரில் பார்த்திருக்க முடியாது, அது இந்தப் பொங்கலுக்குத்தான் மெட்ராஸில் வந்த படம், சுவரொட்டியிலேயே போட்டிருந்தது என்று நான் கத்தப் போனேன். அம்மா ஒரு கையால் அத்தையைப் பிடித்தபடியே மறு கையால் என் தொடையில் கிள்ளினாள். இரத்தம் கட்டிப்போனது.

கூட்டம் கலைந்ததும் அம்மாவிடம் நியாயம் கேட்டேன். மாமா பொய், அத்தை பொய், அப்பா பொய், கிள்ளு மட்டும் எனக்கா? அம்மா சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

“எல்லாருக்கும் தெரியும்ட்டி. இதக் கொண்டுபோய் அத்தைகிட்ட குடு. பசிக்குன்னு கேட்டா.”

எல்லாருக்கும் தெரியும் என்றால் எதற்குச் சிரித்தார்கள்? அந்தச் சந்தில், மாமா சொன்னது படத்தில் இருக்கிறதா என்று பார்த்தவள் நான் ஒருத்திதான் என்பது அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு போனேன். அத்தை வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். தட்டை ‘ணங்’கென்று வைத்தேன்.

“நீங்க அந்தப் படத்தப் பாக்கவே இல்லல்லா?”

“இல்ல” என்றாள் அத்தை. சோற்றைப் பிசைந்து முதல் உருண்டையை என் பக்கம் நீட்டினாள். “வா, ரெண்டு பேருமா சாப்பிடுவோம்.”

பொய் சொன்னதை ஒத்துக்கொண்டவள் கையால் தின்பதா என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கை எவ்வளவு நேரம் அப்படியே நீண்டிருந்தது என்று திரும்பிப் பார்க்கவில்லை.