மச்சானுக்காகப் படித்த பிரெஞ்சு

போன வருடம் ஆவணியில், நாரந்தனையில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், என் மனைவியின் தமையன் நண்டுக் காலைக் கடித்து உடைத்தபடி பிரெஞ்சில் ஒரு வசனம் சொன்னார். அவருடைய மனைவி சிரித்தாள். மகள் சிரித்தாள். மகனும் சிரித்தான். கடைசியாக நானும் சிரித்தேன்.

அந்தக் கடைசிச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. விருந்தாளி சிரித்தால் வீட்டுக்காரனும் சிரிக்க வேண்டும் என்ற மரியாதையில் பல்லைக் காட்டினேன். காட்டிய பிறகுதான் நால்வரும் என்னையே பார்த்துச் சிரிப்பது தெரிந்தது. என் மனைவி குசினியில் அடுப்போடு நின்றாள்.

மச்சான் பாரிசில் முப்பது வருடம் இருப்பவர். நன்றாக எடுபட்ட பகிடியை ஒரு தடவையோடு விட்டுவிடுகிற ஆள் அல்ல. இங்கே நின்ற மூன்று கிழமை விடுமுறையில் அதே வசனத்தைக் கிணற்றடியில் ஒரு தரம், வானுக்குள் ஒரு தரம், படம் பிடிக்க நின்றபோது ஒரு தரம் என்று சொன்னார். அதனால் எனக்கு அது பாடமாகிவிட்டது. ஒருநாள் கலண்டரின் பின்பக்கத்தில் தமிழில் எழுதி வைத்தேன்: 'செ எத்தொனோன் கில் ஏ த்ரூவே உய்ன் ஃபாம்.'

அவர்கள் விமானம் ஏறிய மறு ஞாயிறு, நான் அந்தக் கலண்டர்த் துண்டைக் கிழித்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு மாடியில் பிரெஞ்சு வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். படிப்பிப்பவர் என்னைவிடப் பத்து வயது குறைந்த ஒரு ரீச்சர். துண்டை வாங்கி இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

"இது ஆர் சொன்னது, சேர்?"

"ஒரு சொந்தக்காரர். என்ன அர்த்தம்?"

"'இவனுக்கும் ஒரு பொம்பிளை கிடைச்சது ஆச்சரியம்தான்' எண்டு. ஆனா சொன்னவர் நல்ல பிரெஞ்சு சொல்லியிருக்கிறார். ஆச்சரியப்பட்டால் வினை வேற வடிவத்துக்குப் போகவேணும். கிடைச்சு முடிஞ்ச விசயம் எண்டபடியா அதின்ர இறந்தகாலம். ஒரு பிழையும் இல்லை."

அவமானப்படுத்தியவன் இலக்கணப் பிழையாவது விட்டிருக்கக் கூடாதா? இருபத்தைந்து வருடமாக ஊர்காவற்றுறையில் ஆங்கிலம் படிப்பிக்கிற எனக்கு அதுதான் கூடுதலாக எரிந்தது.

"அந்த வடிவத்தை எனக்குப் படிப்பியுங்கோ."

"அது பிறகு வரும் சேர். முதல்ல பெயர், வயசு சொல்லப் பழகவேணும்."

"என்ர பெயரும் வயசும் அவருக்குத் தெரியும், ரீச்சர்."

வகுப்பில் மற்ற எல்லோரும் கல்யாணம் முடித்து விசாவுக்குக் காத்திருந்த பெண்பிள்ளைகள். முதல் நாளே ஒருத்தி கேட்டாள்: "அண்ணை, உங்களை அங்க ஆர் கூப்பிடுகினம்?"

"ஒருத்தரும் கூப்பிடேல்லை, பிள்ளை. ஒராள் இஞ்ச வரப்போறார்."

நான் கடையில் பாண் வாங்கவோ வழி கேட்கவோ பழகவில்லை. நேரே பழிவாங்கும் பகுதிக்குப் போனேன். பிரெஞ்சுக்காரர் நடந்ததைச் சொல்ல ஒரு வினை வடிவமும், நடந்ததைப் பற்றி வயிறெரிவதற்கு வேறு ஒரு வினை வடிவமும் வைத்திருக்கிறார்கள். ஐயம், கவலை, மகிழ்ச்சி, ஆச்சரியம் எல்லாவற்றுக்கும் அந்த இரண்டாவதுதான். எங்கள் ஆட்களுக்கு இந்த வசதி இல்லை. நாங்கள் சாதாரண வினையைச் சொல்லிவிட்டு மூக்கைச் சுளிக்கிறோம்.

அதன் இறந்தகாலம் செய்வது ஆச்சரியப்படும்படி சுலபம். 'உடைமை' வினையின் ஐய வடிவத்தை முன்னால் வைக்க வேண்டும். எழுத்தில் ஆளுக்கு ஆள் வேறு என்றாலும் காதுக்கு அது ஏ, ஏ, ஏ, ஏயோன், ஏயே, ஏ. பின்னால், முடிந்த செயலைக் காட்டும் எச்சம். ஒழுங்கான வினைகள் மூன்று சாதி. ஒன்றின் எச்சம் 'ஏ' என்று முடியும், ஒன்று 'இ' என்று, மற்றது 'உய்' என்று. பேசினது பார்லே, முடித்தது ஃபினி, விற்றது வொந்துய். போதல், வருதல், தங்குதல், விழுதல் போன்ற சிலவற்றுக்கு மட்டும் முன்னால் 'இருத்தல்' வினை வரும்: ஸ்வா, ஸ்வா, ஸ்வா, ஸ்வாயோன், ஸ்வாயே, ஸ்வா. அந்த இடத்தில் எச்சமும் ஆண்பால் பெண்பால் பார்த்து வால் வளர்க்கும்.

இதை நான் பஸ்ஸில் பாடமாக்கினேன். பண்ணைப் பாலத்தில் வரும்போது யன்னல் பக்கம் திரும்பி "ஏ, ஏ, ஏ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கொண்டக்டர் வந்து, "என்ன மாஸ்ரர், ஆரும் விழுந்திட்டினமோ?" என்றார். வீட்டில் 'ஸ்வா, ஸ்வா' என்று சொன்னபோது, எனக்கு மந்திரம் சொல்கிற பக்தி வந்துவிட்டது என்று மனைவி சந்தோஷப்பட்டாள்.

பத்து மாதத்தில் மூன்று வசனம் தயார். முதலாவது, 'நீர் யோசித்துவிட்டுக் கதைத்தீர் என்பது சந்தேகம்.' இரண்டாவது, 'உம்முடைய மூளை பாரிசிலேயே தங்கிவிட்டது கவலைக்குரியது.' பிரெஞ்சில் மூளை ஆண்பால், ஆகவே வால் தேவையில்லை என்று ரீச்சர் சொன்னார். இதை மனைவியிடம் சொன்னேன். "மூளை ஆம்பிளையோ? ஆர் நம்புவினம்?" என்றாள். மூன்றாவதுதான் என் செல்லம்: 'உம்முடைய தலைமயிர் போய்விட்டது பெரிய கவலை.' மச்சான் ஆறு வருடமாகத் தொப்பி கழற்றுவதில்லை.

இந்த ஆவணியிலும் வந்தார்கள். முதல் நாளே மேசையில் வாய்ப்புக் கிடைத்தது. ஆனால் சோற்றுக் கரண்டி என் கையில் இருந்தது. சோறு போடுகிற கையோடு விருந்தாளியை அவமானப்படுத்த எனக்கு ஏலாது. பத்து மாதம் இலக்கணம் படித்தவன் இதை யோசிக்கவில்லை. என் வீட்டு எல்லைக்குள் அவரைத் தொட முடியாது. நான்கு நாள் அவருக்குப் பரிமாறியபடி வசனங்களை விழுங்கிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் நயினாதீவுக் கோயிலுக்குப் போகக் குறிகட்டுவான் படகுத்துறைக்கு வந்தோம். படகில் ஏறியதும் எனக்கு ஒன்று விளங்கியது. இது என் வீடு அல்ல. என் கையில் கரண்டியும் இல்லை. மச்சான் முன்பலகையில், உயிர்காப்பு அங்கிக்குள் பூசணிக்காய் மாதிரி இருந்தார்.

"செ தொமாஜ் க துய் ஏ பெர்துய் தே ஷ்வோ!" என்று என் மூன்றாவது வசனத்தை எடுத்துவிட்டேன்.

"என்ன மச்சான்? எஞ்சின் சத்தம்."

இரண்டாம் தரமும் கேட்கவில்லை. மூன்றாம் தரம் கத்தினேன். படகிலிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். மச்சானின் மகனும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மச்சானின் கை தானாகத் தொப்பிக்குப் போனது.

"மாமா, எங்க படிச்சனீங்கள்?" மகள் கேட்டாள்.

"உன்ர அப்பாவிட்டத்தான், பிள்ளை." இதைச் சொல்லிவிட்டு, போன வருடத்து வசனத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்தேன்.

மச்சானின் முகம் மெல்ல இறங்கியது. பத்து மாதம் பஸ்ஸில் குலுங்கியதெல்லாம் அந்த முகத்துக்காகத்தான். இன்னும் கொஞ்சம் பார்த்திருப்பேன், என் மனைவி குறுக்கே வந்தாள்.

"அதென்ன? எனக்கும் சொல்லுங்கோவன்."

மச்சான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள்தான் தன் பாரிஸ் தமிழில் சொன்னாள்: "மாமாக்கு ஒரு பொம்பிளை கிடைச்சது ஆச்சரியம் எண்டு அப்பா சொன்னவர், மாமி."

மனைவி சிரிப்பாள் என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருடமாக அவளே அதைச் சொல்லிவருகிறாள்.

"அண்ணை, அந்தப் பொம்பிளை ஆர்?" என்று கேட்டாள்.

"ஐயோ, பகிடிக்குச் சொன்னனான், தங்கச்சி."

"ஓம், பகிடிதான்." அதற்குப் பிறகு கோயிலில் வரிசையில் நின்றபோதும், திரும்பி வரும்போதும் அவள் அண்ணனுக்கு முதுகைக் காட்டியபடியே இருந்தாள்.

மறுநாள் காலை முற்றத்தில் பாய் இல்லை. அதில் நான்கு நாளாகச் செத்தல் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எங்கள் பக்கத்தில் எதை மறந்தாலும் கறித்தூளை மறக்கமாட்டார்கள். மல்லி, சீரகம், மிளகு எல்லாம் தனித்தனியாக வறுத்து, மில்லில் திரித்து, நாலு பைக்குள் பை போட்டுக் கட்டிக் கொடுப்பது என் மனைவியின் வேலை. மச்சான் வரும்போதே ஒரு பெட்டியை வெறும் பெட்டியாகக் கொண்டுவருவார். அங்கே ஒரு வருடம் அவர்கள் வீட்டில் குழம்பு என்றால் இவள் கைத் தூள்தான்.

போகிற அன்று அந்தப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"தூள் எங்க, தங்கச்சி?"

"மிளகாய் காயேல்லை, அண்ணை."

வெளியே அடித்த வெயிலில் நாய் கிணற்றடியைவிட்டு அசையவில்லை. மச்சான் வெயிலைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்த முகத்தோடு பார்த்தால் படகில் நான் கண்டது ஒரு முகமே அல்ல என்று அப்போதுதான் விளங்கியது. மூன்று சாதி வினையாலும் என்னால் செய்ய முடியாததை அவள் மூன்று சொல்லில் செய்துவிட்டாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ஐந்து கிழமை கழித்து வீடியோவில் அழைப்பு வந்தது. அவள் என்னையும் பக்கத்துக் கதிரையில் இருத்தினாள். அங்கே பின்னால் அடுப்பும் அதில் ஒரு குழம்புச் சட்டியும் தெரிந்தன.

"தங்கச்சி, நான் சொன்னது பிழைதான். இஞ்ச கடையில வாங்கின தூள்... நிறம் இருக்கு, மணம் இல்லை. பிள்ளையளும் சாப்பிடுதுகள் இல்லை."

"என்னட்டை ஏன் சொல்லுறியள்? இவரிட்டையும் சொல்லுங்கோ."

மச்சான் தொண்டையைச் செருமினார். "மச்சான், குறை நினையாதேங்கோ."

மன்னித்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் அவருக்குப் பின்னால் கடைத் தூள் போட்ட அந்தச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது.

"அதை விடுங்கோ, மச்சான்," என்றேன். "ஃபோனை அந்தக் குழம்புக்குக் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோங்கோ. வடிவாப் பாப்பம்."