புடலங்காய் விதைச் சபதம்

கிருஷ்ணம்மா ஊமை இல்லை. பூனையிடம் பேசுவாள். மீன்காரனிடம் பேரம் பேசுவாள். பக்கத்து வீட்டுச் சேவல் வாசலைக் கிளறினால் அதன் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டுவாள். தாலி கட்டிய செல்லப்பனிடம் மட்டும் பன்னிரண்டு வருஷமாக ஒரு சொல் கிடையாது.

“ஏய் பூனை, சோறு மேசையில இருக்கு. திங்கிறவங்க தின்னலாம், இல்லாட்டி நீ தின்னு” என்பாள். செல்லப்பனுக்கு அதுதான் சாப்பாட்டு அழைப்பு.

செல்லப்பன் ஜோகூரில் ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டி, சிறுகச் சிறுகச் சேர்த்து, சொந்தமாக ஒரு பள்ளிக்கூட வேன் வாங்கினார். அந்த வேன்தான் குடியைக் கெடுத்தது.

வேனை நிறுத்த இடம் வேண்டும். வீட்டு முன்னால் இருந்ததோ கிருஷ்ணம்மாவின் புடலைப் பந்தல். வயிற்றில் ஒன்று தங்காத அவள், காய் கோணாமல் இறங்க ஒவ்வொன்றின் நுனியிலும் கல் கட்டி, பெண் பிள்ளைக்குத் தலை வாரிவிடுகிற மாதிரி பார்த்துப் பார்த்து வளர்த்த பந்தல். தன் அம்மாவின் கருமாதிக்கு அவள் சாஆ ஊருக்குப் போயிருந்த நேரம் பார்த்து, செல்லப்பன் ஆள் வைத்துப் பந்தலைப் பிடுங்கிச் சிமெண்ட் ஊற்றிவிட்டார்.

அம்மாவைப் பறிகொடுத்த ஈரம் காயாத கண்களோடு திரும்பியவள் வாசலில் அப்படியே நின்றாள். குப்பையில் கிடந்த ஒரு முற்றிய காயை மட்டும் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் காலை அதன் விதைகள் ஒரு போத்தலில் அடைபட்டுச் சாமி மேடையில் இருந்தன.

“எங்கம்மா மேல சத்தியம். இந்த விதை முளைக்கிற அன்னிக்குத்தான் உங்ககிட்ட வாயத் திறப்பேன்.”

“பேசாட்டி போ! வீடு நிம்மதியா இருக்கும்” என்றார் செல்லப்பன்.

அந்த நிம்மதி ஒரு வருஷத்தில் கசந்துவிட்டது. ஆனாலும் இறங்கிப் போக ஆம்பளை வீம்பு விடவில்லை. இப்போது அந்த வீம்பு இருந்த நெஞ்சையே கிழிக்கப் போகிறார்கள். அடுத்த மாதம் ஜோகூர் பாருவில் இருதய ஆபரேஷன். பிழைத்து வருவார் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை.

“பூனை, ஆஸ்பத்திரிக்குப் போறவங்க சட்டைய இப்பவே மடிச்சு வச்சிட்டேன்னு சொல்லு.”

சாவுக்குக்கூட அவர் பயப்படவில்லை. அவள் குரல் தன்னை நோக்கி ஒரு தரமாவது திரும்பாமல் கண் மூடிவிடுமோ என்றுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்குப் போனதும் போத்தலைத் திறந்து பாதி விதைகளை எடுத்துக்கொண்டு, உரக்கடை தோமஸிடம் ஓடினார்.

“அலமாக்! பன்னெண்டு வருஷ விதையா?” தோமஸ் ஒன்றை நகத்தால் அழுத்திப் பார்த்தார். “நல்லா காயவச்சு ஐஸ்பெட்டியில வச்சிருந்தாலாவது ஒண்ணு ரெண்டு தலை காட்டும். சாமி விளக்குச் சூட்டுல இத்தன வருஷமா? வெந்திருக்கும் லா, அண்ணே. எதுக்கும் ஈரத் துணியில சுத்தி வச்சுப் பாருங்க. செத்த விதையா இருந்தா நாறும்.”

நாறியது. தினமும் காலையில் பிள்ளையின் போர்வையை விலக்குவதுபோல் அந்தத் துணியை விரித்துப் பார்த்த மனிதர், கடைசியில் கொழகொழத்துப் போன விதைகளைக் கையில் வைத்துக்கொண்டு வேனுக்குள் உட்கார்ந்து விம்மினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தோமஸ் கடையில் புது விதைப் பாக்கெட் ஒன்று வாங்கினார்.

ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவதற்கு முதல் நாள், இரண்டு பச்சை நாற்றோடு ஒரு பிஸ்கட் டின்னைக் கிருஷ்ணம்மாவின் காலடியில் கொண்டுவந்து வைத்தார்.

“முளைச்சிருச்சு கிருஷ்ணா. உன் விதைதான். இப்பப் பேசு.”

அவள் நாற்றைப் பார்த்தாள். சாமி மேடையைப் பார்த்தாள். முகம் ஜிவ்வென்று சிவந்தது. காலால் ஒரே உதை. டின் சிமெண்டில் உருண்டு மண் சிதறியது.

“ஏமாத்துக்காரா!”

பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அவரைப் பார்த்து அவள் சொன்ன முதல் சொல்!

“சாகப் போற நேரத்துலகூட எங்கிட்ட பொய்யா?”

“பொய்யா? உன் விதைதான்டி!”

“என் விதையா? அன்னிக்கு ராத்திரியே கொதிக்கிற தண்ணியில அவிச்சு, காயவச்சுத்தானே அடைச்சேன்! இந்த சிமெண்டு முளைச்சாலும் அது முளைக்காது!”

செல்லப்பனுக்குக் காது அடைத்தது. காலில் விழவேண்டிய நேரம்தான். ஆனால் கோபம் பொங்கியது.

“அவிச்ச விதைய வச்சா என்னைப் பன்னெண்டு வருஷம் பூனையோட சேத்து வச்ச? நீ பொம்பளையா, ராட்சசியா?”

“என் பந்தலுக்கு நீங்க செஞ்சத, விதைக்கு நான் செஞ்சேன்! உங்ககிட்ட எப்பவுமே பேசக் கூடாதுன்னுதான் அவிச்சேன்!”

“இப்பப் பேசுறியே!”

கிருஷ்ணம்மாவின் கை சட்டென்று வாய்க்குப் போனது. அம்மா மேல் வைத்த சத்தியம்! கண்கள் மளமளவென்று வழிந்தன. அடுத்த நொடி கையை எடுத்தாள்.

“பாவி! அதையும் உடைக்க வச்சிட்டியா! செத்துப்போன எங்கம்மாவ ரெண்டாவது தடவ சாகடிச்சிட்டியே!”

அதற்குப் பிறகு அணை ஏது? பந்தல், வேன், கல்யாணத்தில் அவர் தங்கை சொன்ன ஒரு வார்த்தை, காய்ச்சலில் கிடந்தபோது கேட்காத ஒரு கேள்வி, எல்லாம் வந்தன. அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. எதிர்வீட்டார் வேலிக்கு வந்து நின்றார்கள். இருட்டுகிற வரை ஓயவில்லை.

விடிந்ததும் தோமஸ் கார் கொண்டுவந்தார். கிருஷ்ணம்மா வாய் திறக்கவில்லை. மறுபடியும் மௌனமா? செல்லப்பன் காரில் ஏறி உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்த்தார்.

கார் நகரும்போது அவள் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினாள். தொண்டை கட்டிக் கரகரத்திருந்தது.

“ஒழுங்கா உசுரோட திரும்பி வாங்க. இன்னும் பாதிகூட திட்டி முடிக்கல.”