ஒரே ஷிப்ட்

பதினான்கு நிமிடம். இதை மனதில் எழுதி வையுங்கள். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு கணவனும் மனைவியும் தினமும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளும் நேரம் அவ்வளவுதான்.

அவள் பேக்கிங். முதல் ஷிப்ட். ஒன்றே முக்காலுக்கு வெளியே வருவாள். அவர் கட்டிங் மெஷின். இரண்டாவது ஷிப்ட். இரண்டுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது கார்டு அடிப்பார். ராத்திரி அவர் வீடு சேரும்போது அவளுக்குப் பாதித் தூக்கம் முடிந்திருக்கும். வார விடுமுறையும் ஆளுக்கொரு நாள்.

ஷிப்ட் என்ற சொல் இல்லாமல் அவளுக்கு வாழ்க்கையே இல்லை. கல்யாணமான பத்தொன்பது வருடத்தில் ஐந்து முறை வீடு ஷிப்ட். அப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஷிப்ட் செய்தபோது கூடப் போனது அவள் மட்டும். மகள் கம்ப்யூட்டர் பழகினாள். அங்கேயும் ஒரு ஷிப்ட் பட்டன். ஆலையில் நேரமும் ஷிப்ட், அந்த நேரத்து ஆட்களும் ஷிப்ட். அவள் கேட்டது ஒன்றுதான்: ஒரே ஷிப்ட்.

டைம் ஆபீஸ் கிளார்க் முடியாது என்றார். கணவன் மனைவியை ஒன்றாகப் போடக்கூடாதென்று நிர்வாகத்தில் ஒரு விதி.

"ரெண்டு பேரும் ஒரே நாள்ல லீவு போடுவீங்க. மெஷின யாரு ஓட்டுறது, உன் மாமியாரா?"

"மாமியார் இல்லீங்க. இருந்தா அவங்களையும் வேற ஷிப்ட்லதான போட்டிருப்பீங்க."

ஆனால் ஷிப்ட் மாற்றிக்கொள்ளும் சீட்டில் பெயர் கிடையாது, டோக்கன் நம்பர் மட்டுமே. அவள் கணவர் முதல் ஷிப்ட் மெஷின்காரர் ஒருவரோடு ஒரு வாரம் மாற்றிக்கொண்டார். கிளார்க் நம்பரைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

முதல் நாள் சைக்கிள் ஸ்டாண்டில் அவருக்காகக் காத்திருந்தாள். வந்தவர் மூச்சு விடாமல் ஆரம்பித்தார்: கேஸ், மகளின் ஃபீஸ், ஒழுகும் குழாய்.

"ஏங்க, எதுக்கு இந்த ஓட்டம்? இன்னிக்கு நமக்குப் பெல் கிடையாது."

"பழக்கம்டி."

வீட்டுக்குப் போனதும் இருவருக்கும் பேச்சு ஓடவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்தார்கள். மூன்றாம் நாள்தான், தன் அக்கா இறந்த அன்று அழ முடியாமல் மெஷினில் நின்றதை அவர் சொன்னார். நடந்து இரண்டு வருடம். அவள் முழுதும் கேட்டாள். கேட்க நேரம் இருந்தது.

எட்டாம் நாள் பழையபடி ஆனது.

அவள் நேரே சங்க அலுவலகத்துக்கு வந்தாள். கோரிக்கைப் பட்டியலில் இதை எட்டாவதாகப் போடலாம் என்றேன், கேன்டீன் கோரிக்கைக்குக் கீழே.

"தலைவரே, அந்தக் கேன்டீன்ல நாங்க ஒருநாளாவது சேர்ந்து சாப்பிட்டிருக்கமா?"

முதலாவதாகப் போட்டேன். இவர்களைப் போன்ற முப்பத்தொரு ஜோடிகள் கையெழுத்திட்டார்கள். நிர்வாகம் பரிசீலிப்பதாகச் சொன்னது. அவள் இன்றும் ஒன்றே முக்காலுக்கு வெளியே வந்து நிற்கிறாள்.

மனு கொடுத்து நானூற்றுப் பன்னிரண்டு நாள்.