ஆன்டிபாடி மாமா

என் அக்கா வீட்டுக்காரருக்கு எங்கள் ஆஸ்பத்திரி வைத்த பேர் ‘ஆன்டிபாடி மாமா’. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற வேலை. முதல் அலையிலேயே கொரோனா வந்து, படுத்து எழுந்தவர். பிறகு ஊழியர்கள் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எடுத்தது நான்தான், லேபில் எனக்கு அதுதான் வேலை. மாமாவின் ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடி ஏராளம். அவ்வளவுதான், ஆளாளுக்கு அவர் தலையில் மிளகாய் அரைக்க ஆரம்பித்தார்கள். கொரோனா வார்டுக்குப் போக யாருடைய முறை வந்தாலும் சரி, உங்களுக்குத்தான் ஒன்றும் ஆகாதே மாமா என்று குழைந்து, வண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு நழுவுவார்கள். இந்த மனுஷனும் பெருமையாகப் போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்காவுக்கு மாற்றுச் சிறுநீரகம். அதை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அவள் விழுங்கும் மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியையே அமுக்கிவிடும். கொரோனா வந்தால் தேறுவது கஷ்டம் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். அதனால் மாமா மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி விடுதியில்தான் கிடந்தார். தன் ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்கிறது, தனக்குத் தடுப்பூசியே தேவையில்லை, அக்காவோ போட்டுக்கொண்டுவிட்டாள் என்கிற தைரியத்தில்தான் வீடு திரும்பினார். மாடியில் குடியிருக்கும் நான் அவர்கள் வீட்டுக்குள் காலே வைப்பதில்லை, வாசலில் நின்று பேசிவிட்டு ஏறிவிடுவேன். பயந்தாங்கொள்ளி என்று இரண்டு பேரும் என்னை ஓட்டுவார்கள்.

சில மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் மறுபடியும் எல்லாருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார்கள். மாமாவின் ரத்தத்தில் ஆன்டிபாடி ஒன்றுமே இல்லை என்றது மெஷின். நம்பாமல் இன்னொரு முறை ஓட்டினேன். அப்போதும் இல்லை. மாமாவைத் தேடிப் போனால், யாருடைய முறைக்கோ இவர், இருமிக்கொண்டிருந்த ஒருவரை லிஃப்டுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

அவர் திரும்பி வந்ததும் சொன்னேன். மாஸ்க்குக்கு மேலே அவர் கண் மட்டும்தான் தெரிந்தது.

“எப்பலேர்ந்து இல்ல?” என்று கேட்டார்.

அது யாருக்குத் தெரியும்? நேற்றிலிருந்தா, வீட்டுக்குப் போன நாளிலிருந்தேவா என்று மெஷின் சொல்லாது. லேப் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். ஆன்டிபாடி குறைந்தாலும் உடம்புக்கு அந்தக் கிருமியை ஞாபகம் இருக்கும், உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் வராது என்று அவர் சமாதானம் சொன்னார்.

“எனக்கு வரலன்னா சரி டாக்டர். என் மூக்குல ஏறி வீட்டுக்கு வராதா?”

வரலாம் என்றார் டாக்டர். ஆன்டிபாடி நிறைய இருந்தபோதும் வந்திருக்கலாம் என்றார். இத்தனை நாளும் அந்த ஆன்டிபாடியைச் சுவராக நினைத்துத்தான் நாங்கள் எல்லாரும் அவரை அந்த வார்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டு வாசலோடு நின்றுகொண்டார். நான் மாடிப்படியில் நின்றேன். அக்கா கதவைத் திறந்ததும் விஷயத்தைச் சொல்லி, விடுதிக்கே போகிறேன், துணிமணியை எடுத்துப் போடு என்றார். அவள், உள்ளே வாங்க என்றாள். அவர் பின்னால் நகர்ந்தார். நீ போட்டுக்கொண்ட ஊசியாவது உன்னைக் காப்பாற்றட்டும் என்றார்.

“அந்த ஊசி என் உடம்புல வேலையே செய்யலங்க. டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு டாக்டர் சொல்லிட்டாரு. நீங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்.”

“ஏன்டி சொல்லல?”

“சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?”

பாவி, உயிரோடு விளையாடியிருக்கிறாள். அவளை நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. காய்ச்சல் இருக்கிறதா, தொண்டை வலிக்கிறதா என்று மாமா விசாரித்தார். எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டே அவள் வாசற்படியைத் தாண்டக் காலை எடுத்து வைத்தாள்.

மாமா பாய்ந்து கதவை இழுத்துச் சாத்தினார். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அக்கா உள்ளேயிருந்து இழுத்தாள், தட்டினாள், வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவள் ஓயும்வரை அவர் கையை எடுக்கவில்லை. பிடித்தபடியே நின்று, குலுங்கிக் குலுங்கி அழுதார்.