அது எங்கே ஆரம்பிக்கிறது?

எண்பதுகளின் தொடக்கத்தில் சேலம்–நாமக்கல் வழியில் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். மதுவிலக்கு இருந்த வருஷங்களில் திருட்டுத்தனமாகக் குடித்துவந்தேன்; அப்போதுதான் சாராயக் கடைகளை மறுபடி திறந்திருந்தார்கள். ராசிபுரத்தில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கடை. ஒவ்வொரு நடைக்கும் வண்டி அங்கே பத்து நிமிஷம் நிற்கும். எனக்கு அதுவே தாராளம்.

விட முயலாமல் இல்லை. மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தேன். பதினோரு நாள் தாங்கியது. அடுத்த தடவை நான்கு நாள். ஒருநாள் போதையில் பஸ் படியிலிருந்து விழுந்து முட்டி பெயர்ந்ததும், இரண்டு வாரம் வர வேண்டாம் என்று முதலாளி அனுப்பிவிட்டார்.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம், அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி திடீரென்று கேட்டாள்: “ஏனுங்க, குடிக்கோணும்னு தோணுதே, அது ஒடம்புல எங்கிருந்துங்க ஆரம்பிக்குது?”

குத்திக்காட்டுகிறாள் என்று எரிந்து விழுந்தேன். அவள் அரிவாள்மணையைத் தள்ளி வைத்தாள். “நெசமாத்தான் கேக்கறனுங்க. இத்தன வருசமா உங்களப் படுத்துது. அது எப்பிடி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது.”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கும் தெரியவில்லை.

மறுபடி வேலைக்குப் போனதும் கவனிக்கத் தொடங்கினேன். விடுவதற்காக அல்ல, தெரிந்துகொள்ளத்தான். ஆண்டகளூர் கேட் வரும்போதே நாக்கின் அடியில் எச்சில் ஊறும். பிறகு நெஞ்சுக்குழியில் ஓர் இழுப்பு. ராசிபுரத்தில் வண்டி நின்றதும் உள்ளங்கை வியர்க்கும். முதல் மூன்று நாள் கவனித்துக்கொண்டே போய்க் குடித்தேன். நான்காம் நாள், அடுத்து என்னதான் செய்கிறது பார்ப்போம் என்று கம்பியைப் பிடித்தபடி பஸ்ஸிலேயே நின்றேன். குடிக்கும்வரை அது ஏறிக்கொண்டே போகும் என்றுதான் நம்பியிருந்தேன். புதுச்சத்திரம் தாண்டியபோது நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். தானாகவே அடங்கியிருந்தது!

வீட்டில் சொன்னபோது அவள் கதை கேட்பதுபோல, “கை வேர்த்துச்சு, அப்பறம்?” என்றாள். அதன்பின் தினமும் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி குடித்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் அவள் கண் வீங்கியிருந்தது. காப்பி டம்ளரை என்முன் வைத்துவிட்டு, “அதுக்கு முன்னால என்னங்க நடந்துச்சு?” என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். “ஒரு பொம்பள, காச்சக் கொழந்தயத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகோணும்னு பஸ்ஸுல ஏறுச்சு.”

அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் மூத்த மகள் மூன்று வயதில் காய்ச்சலில் இறந்தாள். அன்று நான் குடித்துவிட்டு எங்கோ கிடந்தேன். அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“ஏம்புள்ள, நான் ஊட்ல இருந்திருந்தா அவ பொழச்சிருப்பாளா?”

டம்ளரை நகர்த்திவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். “தெரியலைங்க. பொழச்சிருக்கலாம். பொழைக்காமயும் போயிருக்கலாம். நீங்க இல்லைங்கறது மட்டும் நெசம்.”

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இருவரும் அழுதோம். அழுகை நின்றபோது, எத்தனையோ வருஷமாக எதைப் பார்க்காமலிருக்க ஓடினேனோ அது எதிரில் இருந்தது, நான் ஓடவில்லை.

அதற்குப் பிறகு குடிக்கவில்லை. ஆசை வராமலில்லை. மகளின் நினைவும் வரும். இரண்டையும் விரட்டாமல் இருக்கப் பழகினேன். விடுதலை என்றால் இவையெல்லாம் ஒழிந்துபோவது என்று நினைத்திருந்தேன். எல்லாம் இருக்கும்போதே மனசு லேசாக இருக்க முடியும் என்பது, கூட்டத்தில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் சட்டென்று உறைத்தது.

அடுத்து வந்த தை மாதம், மூத்தவள் இறந்தபின் பிறந்த இளைய மகளிடம், “உனக்கு ஓர் அக்கா இருந்தாள்” என்று முதல் தடவையாகச் சொன்னோம்.

“அவ எப்பிடி இருப்பா?” என்றாள் மகள். நானும் மனைவியும் மாறி மாறிச் சொல்ல ஆரம்பித்தோம்.