கிட்டம்மா போய்ச் சேரும் வரை

என் ஓரகத்தி மருதாத்தாளைப் பற்றிக் கேட்டால் கொல்லங்கோட்டுப் பக்கத்தில் பாதிப் பேர் நல்லது சொல்வார்கள், மீதிப் பேர் சிரிப்பார்கள். நான் இரண்டையும் செய்தவள். பதினெட்டு வருஷம் ஒரே அடுப்பில் அவளோடு மல்லுக்கட்டியவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா என்ன?

அவள் கணவர் குப்பண்ணன் மூத்தவர். என் வீட்டுக்காரர் நஞ்சப்பன் இளையவர். நெல் வயல், ஒரு கிணறு, நான்கு மாடு. மருதாத்தாளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவுக்குக் குழந்தை இல்லை.

வீட்டிலிருந்து யாராவது பயணம் கிளம்பினால் அவர் போய்ச் சேரும் வரை வீட்டைக் கூட்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மற்றவர்கள் வண்டி தெருமுனை திரும்பியதும் சீமாற்றைக் கையில் எடுத்துவிடுவார்கள். அக்கா அப்படியில்லை. பாலக்காட்டுக்குப் போனவருக்கு ஒரு மணி நேரம், பொள்ளாச்சி என்றால் இரண்டு, பழனி என்றால் மத்தியானச் சாப்பாடு வரை. அதுவரை சீமாறு மூலையை விட்டு நகராது.

காரணம் இருந்தது. அக்காவின் தம்பி ஆறுமுகசாமி பம்பாய்க்கு வேலைக்குப் போன அன்று வீட்டுக்கு விருந்தாளிகள் வருவதாக இருந்தது. அவன் படி இறங்கிய கையோடு அக்கா வாசலைக் கூட்டிவிட்டாள். அதன் பிறகு அவனிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. இருக்கிறானா, இல்லையா என்பதே தெரியாது. பம்பாயில் காணாமல் போனவனுக்கு இங்கே பிடித்த சீமாறு என்ன செய்யும் என்று நான் ஒரு தரம் கேட்டுவிட்டேன். அக்கா இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எழுபத்தாறாம் வருஷம் ஆடி மாதம் டென்மார்க்கிலிருந்து கிர்ஸ்டன் வந்தாள். படிப்பில் ஒரு பருவத்தை வெளிநாட்டில் கழிக்க வேண்டுமாம். கோயம்புத்தூரில் யாரோ சொல்லி, எங்கள் வீட்டு மேற்கு அறையில் தங்கினாள். ஊர்க் கிணறுகளில் எல்லாம் கல் கட்டிய கயிற்றை விட்டு, தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதுவதுதான் அவள் படிப்பு. ஒரே வாரத்தில் ஊர் அவளைக் கிட்டம்மா ஆக்கிவிட்டது.

எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. பத்தாம் வகுப்பு இங்கிலீஷை வைத்துக்கொண்டு அவளுக்கும் ஊருக்கும் நடுவில் நான் பேசிப் பேசித் தொண்டை கட்டியது. பாராட்டு மட்டும் அவளுக்கு. கல்யாணமாகி வந்து இரண்டு வருஷத்தில் அக்கா கையால் எனக்குக் கிடைக்காத கெட்டித் தயிர், அவளுக்கு இரண்டு வாரத்தில் கிடைத்தது.

ஆனால் மார்கழி நெருங்கி, அவள் ஊருக்குப் போகும் நாள் வந்தபோது என் கதை மாறிவிட்டது. கடைசி வாரம் எல்லாக் கிணறுகளையும் இன்னொரு முறை அளக்க வேண்டும் என்றாள். நானும் கூடப் போனேன். கிணற்றுக்குக் கிணறு காப்பி, முறுக்கு. மிளகாய் வற்றலும் அப்பளமும் கொடுத்தே பெட்டியை நிரப்பினார்கள். அவள் புத்தகங்களைத் தனியாகக் கட்டித் தபாலில் அனுப்ப வேண்டியதாயிற்று. ராத்திரி சாப்பாடு ஆனதும் என்னிடம் தமிழ் எழுத்துக் கற்றுக்கொள்வாள். அவள் எழுதும் 'கூ' வாத்து மாதிரி இருக்கும். கடைசியாக எங்கள் கிணற்றை அளந்தபோது கயிற்றைச் சுருட்டாமல் வெகு நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

புறப்படும் காலையில் பெட்டிகளை மாட்டு வண்டியில் ஏற்றியாயிற்று. கொல்லங்கோடு ஸ்டேஷனில் ரயிலைப் பிடிக்க வேண்டும். கிட்டம்மாவைக் காணோம். போய்ப் பார்த்தால் சீமாறும் கையுமாக அறையைக் கூட்டத் தொடங்கியிருந்தாள். தங்கிய அறையைச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டுப் போவது அவர்கள் நாட்டு மரியாதையாம். அக்கா ஓடி வந்து சீமாற்றைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வேண்டாஞ் சாமி. நீ உன்ற ஊடு போய்ச் சேர்ற வரைக்கும் இங்க ஆரும் கூட்டக் கூடாது."

நான் விளக்கினேன். தம்பியைப் பற்றியும் சொன்னேன். கிட்டம்மா சிரிக்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் பேச்சிலேயே சொன்னாள்: "போனதும் கத்து போடறேனுங்க. அப்பக் கூட்டுங்க." கடிதத்துக்கு இங்கே கத்து என்றுதான் பெயர்.

அதோடு பிடித்தது சனி. டென்மார்க் போய்ச் சேர எத்தனை நேரம் என்று அக்காவுக்குத் தெரியாது. கத்து வர வேண்டும், அவ்வளவுதான். வாசலில் சாணி தெளிப்பாள், தரையில் கிடப்பதைத் துணியால் ஒதுக்குவாள், சீமாற்றைத் தொட மாட்டாள். களத்திலிருந்து காலோடு வந்த பதரும் மண்ணும் மூலைக்கு மூலை சேர்ந்தன. குப்பண்ண மாமா இருமினார். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டார். இருபது நாள் ஆயிற்று. தபால்காரர் செல்லத்துரை எங்கள் வாசலில் அக்கா நிற்பதைப் பார்த்து, தூரத்திலேயே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போவார்.

தை நோம்பி, அதுதான் பொங்கல், நெருங்கியது. ஊரே வெள்ளையடித்துக்கொண்டிருந்தது. என் பிறந்த வீட்டார் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். இந்த வீட்டைப் பார்த்தால் என் அம்மா என்ன சொல்வாள்? எனக்கு வந்த ஆத்திரத்தில், கிட்டம்மா விட்டுப்போன பழைய நீல விமானத் தபால் உறை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, கத்து வந்துவிட்டது என்றேன். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. சுகமாகப் போய்ச் சேர்ந்தாள், அங்கே பனி கொட்டுகிறது, உங்கள் தயிரை நினைத்துக்கொள்கிறாள் என்று வாய்க்கு வந்ததைப் படித்தேன். அக்கா உறையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றைக்கே என் அறையைத் தவிர வீடு முழுக்கக் கூட்டிக் கழுவினாள்.

நான் என் அறைக்குள் போய்ச் சீமாற்றை எடுத்தேன். கை வரவில்லை. அந்தப் பெண் போய்ச் சேர்ந்த சேதி இன்னும் வரவில்லை என்பது எனக்கு மட்டும்தானே தெரியும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் சீமாற்றைச் சுவரில் சாத்திவிட்டேன். மறுநாளும் அப்படியே. பிறந்த வீட்டார் வந்தபோது என் அறைக் கதவைச் சாத்தி வைத்தேன். செல்லத்துரையின் சைக்கிள் மணிக்கு இப்போது வாசலுக்கு ஓடுகிறவள் நான்தான்.

நோம்பி கழிந்து ஆறாம் நாள் கத்து வந்தது. பிரித்ததும் மேலே வாத்து மாதிரி ஒரு 'கூ'. 'அக்கா, இனிக் கூட்டலாம்' என்று தமிழில் எழுதியிருந்தாள். அடுப்படிக்கு ஓடினேன். அழுகையை அடக்க முடியவில்லை.

"அக்கா, இதுதானுங்க நெசமான கத்து. அன்னிக்குப் படிச்சது பொய்யுங்க."

அக்கா தோசையைத் திருப்பிப் போட்டாள். "தெரியும் பொன்னா. அடுத்த நாளே தெரியும். உன்ற ரூம்புல கால் வெச்சா மண்ணு நறநறங்குது. கத்து வந்திருந்தா நீ எதுக்குக் கூட்டாம இருக்கோணும்?"

"அப்பறம் ஏனுங்கக்கா தெனமும் கூட்டுனீங்க?"

"ஊட்டுல ஒருத்தி அவளுக்காகக் கூட்டாம இருக்கறாளே, அது போதும்னு இருந்துட்டேன். ஆறுமுகத்துக்கு அப்படி ஆரும் இருக்கல."

அடுப்பைத் தணித்துவிட்டு, மூலையிலிருந்த சீமாற்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். அன்று என் அறையை நான் கூட்டி முடிக்கும் வரை, அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள்.