எட்டடி தூரம், அரைமணி நேரம்

லண்டனில் கடற்படைத் தலைமை அலுவலகத்தில் ஹெஸ்டர் பிம் எழுத்தராகச் சேர்ந்தபோது, பீரங்கியும் பயிற்சியும் ஒரே பிரிவாக இருந்தன. ஒரே அறை, ஒரே கேப்டன், டீ போட ஒரே கெட்டில். முதல் உலகப் போர் முடிந்த மறுவருடம் யாருக்கோ ஞானோதயம் ஏற்பட்டு, ஆயுதம் தனி, பயிற்சி தனி என்று பிரித்துவிட்டார்கள். அறைக்கு நடுவில் பலகைத் தடுப்பு முளைத்தது. கெட்டில் ஆயுதப் பக்கம் போயிற்று. கோப்புகளைப் பதிகிற ஹெஸ்டரை எந்தப் பக்கம் சேர்ப்பதென்று தெரியாமல், இரண்டு கதவுகளுக்கும் நடுவே நடைவழியில் மேசை போட்டு உட்கார வைத்தார்கள்.

ஒரு கதவிலிருந்து மறு கதவுக்கு எட்டடி. அதைக் கடக்க ஒரு கோப்புக்குப் பதினோரு நாள் ஆகும்.

"கப்பல்ல இதே வேகத்துல போயிருந்தேன்னா, மிஸ், நான் இன்னும் மால்டாவே போய்ச் சேர்ந்திருக்க மாட்டேன்" என்பார் கோப்பு தூக்கும் டக்வெல். அவர் பழைய மாலுமி.

பீரங்கிப் பயிற்சி நூலுக்கு மாதாமாதம் திருத்தச் சீட்டு அனுப்புவதும் ஹெஸ்டரின் வேலை. கப்பல்களில் அதைப் பழைய வரியின் மேல் ஒட்டிக்கொள்வார்கள்.

1927இல் ஒரு கோப்பு வந்தது. பீரங்கி வெடிக்காமல் போனால் பத்து நிமிடம் காத்திருந்து, குண்டும் வெடிமருந்தும் போடுகிற பின்கதவைத் திறக்கலாம் என்பது விதி. ஒரு கப்பலில் அப்படியே திறந்தார்கள். உள்ளே கனன்றுகொண்டிருந்த மருந்து முகத்தில் வெடித்து நான்கு பேர் செத்தார்கள். இனி முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று அந்தக் கப்பலின் கேப்டன் எழுதியிருந்தார்.

ஹெஸ்டர் அதை இரண்டாம் முறை படித்தாள். அவள் தம்பி லென் இன்னொரு கப்பலில் அந்தப் பின்கதவைத் திறக்கிற ஆள். அப்பா அம்மா போன பிறகு அவள்தான் அவனை ஆளாக்கியவள்.

ஆயுதப் பிரிவு எழுதியது: 'சம்மதம். நூல் பயிற்சியுடையது, அவர்கள் வெளியிடட்டும்.' பயிற்சிப் பிரிவு எழுதியது: 'சம்மதம். பீரங்கி ஆயுதத்துடையது, அவர்கள் வெளியிடட்டும்.' ஐந்து மாதம் கோப்பு இப்படியே போய்வந்தது. கடைசியில் மற்றவர் அனுப்பிவிட்டார் என்று நினைத்து ஒருவர், 'முடிந்தது, எடுத்து வைக்கவும்' என்று எழுதிவிட்டார்.

ஹெஸ்டர் ஆயுதப் பிரிவின் கேப்டன் ஸ்ட்ரேக்கரிடம் போனாள்.

"அதைத்தான் பக்கத்து அறைக்காரங்க அனுப்பிட்டாங்களே, மிஸ் பிம்."

"அனுப்புறது நான்தான் சார். நான் அனுப்பலை."

"அப்போ அவங்களைப் போய்க் கேளுங்க."

பயிற்சிப் பிரிவின் கேப்டன் ஆல்டஸும், குரல்கூட மாறாமல், அதையேதான் சொன்னார்.

அந்த மாதத் திருத்தங்கள் பதினாறு. மேல்தாளில் மட்டும்தான் கையெழுத்து வாங்குவது வழக்கம்; உள்ளே எவரும் புரட்டுவதில்லை. ஹெஸ்டர் முப்பது நிமிட விதியைப் பதினேழாவதாகத் தட்டச்சு செய்து, ஒரு காற்புள்ளித் திருத்தத்துக்குக் கீழே வைத்து அச்சுக்கு அனுப்பினாள்.

மூன்றாவது வாரம் அழைப்பு வந்தது. தடுப்பு எழும்பிய பிறகு இரண்டு கேப்டன்களும் ஒரே அறையில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"யார் உத்தரவுல இதை அனுப்பினீங்க?" என்றார் ஸ்ட்ரேக்கர்.

"நீங்க ரெண்டு பேரும் சம்மதம்னு எழுதியிருக்கீங்க, சார். அடுத்த வரியை யாரும் எழுதலை. நான் எழுதினேன்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சீட்டைத் திரும்பப் பெறுவதென்றால் ஏன் என்று ஒரு கோப்பு எழுத வேண்டும். இருவரும் அந்தச் சீட்டுக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்டார்கள். ஹெஸ்டரின் பதிவேட்டில் மட்டும் 'கீழ்ப்படியாதவர்' என்று ஒரு வரி ஏறியது. ஓய்வு பெறும்வரை அவளுக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. நடைவழி மேசையிலேயே காலம் போயிற்று.

சீட்டு போன அந்த வருடக் கோடையிலேயே லென்னிடமிருந்து கடிதம் வந்தது.

'ஹெட்டி, நேத்து பயிற்சியில எங்க பீரங்கி வெடிக்கலை. முன்னெல்லாம் பத்து நிமிஷம். இப்போ லண்டன்ல குந்திக்கிட்டு எவனோ ஒரு முட்டாப்பய அரைமணி நேரம்னு சீட்டு அனுப்பியிருக்கான். வெயில்ல வெந்துபோய் நின்னோம். இருபதாவது நிமிஷம் அது தானா வெடிச்சு, குண்டு கடல்ல போய் விழுந்துச்சு. யாருக்கும் ஒண்ணுமில்லை. டீதான் ஆறிப்போச்சு.'

ஹெஸ்டர் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பதில் எழுதினாள்.

'ஆறின டீயைக் குடிச்சா ஒண்ணும் ஆகாது, லென்.'